சிறுத்தை: கூண்டிலும் காட்டிலும்

காட்டுயிர்ப் படங்கள்தான் என் பிழைப்பு. புதிதாக வருகிறவர்கள் கொஞ்சம் ஏளனமாகவே கேட்பார்கள், மிருகக்காட்சிசாலையில் எடுத்த சிறுத்தையெல்லாம் ஒரு படமா என்று. படம்தான். நடக்கும்போது தோள்பட்டை மாறி மாறி எழும்புவது, பாயப் போகிறதென்றால் பின்னங்கால்களை வயிற்றுக்கடியில் இழுத்துக்கொண்டு வால் நுனி துடிப்பது, இதையெல்லாம் நான் பார்த்துப் பழகியது அங்கேதான். காட்டில் இதைக் கற்றுக்கொள்ள நேரம் கிடைக்காது.

கம்பி வலைக்குப் பயப்பட வேண்டாம். தடுப்புக்கு வெளியே நின்றபடியே லென்ஸை வலைப் பக்கமாக முடிந்தவரை நெருக்கி, லென்ஸின் ஒளித்துளையை (அப்பெர்ச்சர்) f/2.8 அல்லது f/4 அளவுக்கு அகலத் திறந்து வைத்து, சிறுத்தை வலையை விட்டு நன்றாகத் தள்ளிப் போகும்வரை காத்திருந்தால் கம்பி கரைந்து காணாமல் போய்விடும். ஆனால் வெயில் படுகிற வலை கரையாது, படம் முழுக்க வெளிறிய புகை மாதிரி படியும்; நிழல் விழுந்த இடமாகப் பார்த்து நிற்க வேண்டும். ஆட்டோஃபோகஸ் கம்பியையே பிடித்துத் தொங்கினால் கையால் ஃபோகஸ் செய்வதுதான் வழி. கண்ணாடித் தடுப்பு என்றால் பிரதிபலிப்பு விழாமலிருக்க லென்ஸ் முனையில் ரப்பர் ஹூட், உடம்பில் கறுப்புச் சட்டை. ஃப்ளாஷ் கூடவே கூடாது.

சில சிறுத்தைகள் ஒரே தடத்தில் போய்த் திரும்பி, போய்த் திரும்பி நடந்துகொண்டே இருக்கும். எடுப்பதற்கு வசதிதான், அடுத்து எங்கே வரும் என்று முன்கூட்டியே தெரிந்துவிடுகிறதே. ஆனால் அது அடைபட்ட விலங்குக்கு வருகிற நடை. அதைக் கம்பீர நடை என்று தலைப்புப் போட்டு விற்க எனக்கு மனசு வருவதில்லை.

காட்டுக்குப் போனால் இந்த வசதியெல்லாம் இல்லை. அங்கே சிறுத்தையைத் தேடுவதை விட்டுவிட்டு மானையும் மந்தியையும்தான் கவனிக்கிறோம். புள்ளிமான் கூவி, மரத்து மேலிருந்து மந்தியும் எச்சரிக்கைக் குரல் கொடுத்தால் வண்டியை நிறுத்திவிட வேண்டியதுதான். இலங்கையின் யாலவில் புலியும் கிடையாது, சிங்கமும் கிடையாது, அதனாலோ என்னவோ சிறுத்தை பட்டப்பகலில் பாறை மேல் சாவகாசமாகப் படுத்திருக்கும். கர்நாடகத்தின் கபினிக் காட்டில் புலி உண்டு. அதற்கு ஒதுங்கிச் சிறுத்தை மரமேறியிருக்கலாம் என்பதால் அங்கே மரக்கிளைகளையும் அண்ணாந்து பார்த்துக்கொண்டே போக வேண்டும். கறுஞ்சிறுத்தை தென்பட்டால் இன்னொரு வேலை இருக்கிறது. வெளிச்சத்தை அளக்கும் கேமராவின் மீட்டர் எதையும் நடுத்தரச் சாம்பல் நிறமாக்கத்தான் பார்க்கும், கறுப்பும் வெளுத்துப் போகும். அதனால் எக்ஸ்போஷரைக் கொஞ்சம் இறக்கி வைப்பேன். பக்கவாட்டில் வெளிச்சம் விழுந்தால் அந்தக் கறுப்புக்குள்ளேயே ரோஜாப்பூ வடிவத் திட்டுகள் மெல்லத் தெரியும்.

பெரும்பாலும் கிடைப்பது இருட்டும் நேரத்தில், கேமராவின் ஒளியுணர்வை ஐஎஸ்ஓ 6400 வரை ஏற்றி எடுத்த, இலைகளுக்குப் பின்னால் பாதி முகம். இங்கேதான் பத்திரிகை ஆசிரியர் குழுவோடு எனக்கு வாக்குவாதம் வரும். கூண்டுப் படங்களைப் பார்த்துப் பார்த்து, சிறுத்தை என்றால் முழு முகம், கூர்மையான கண், மங்கலான பச்சைப் பின்னணி என்று எல்லோருக்கும் பழகிவிட்டது. மறைந்தே வாழ்கிற விலங்கை இலையோடு காட்டினால், "சார், இலையை வெட்டிவிடலாமா?" என்கிறார்கள். என்னைக் கேட்டால் அந்த இலைதான் படமே.

இந்தப் பழக்கம் எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு 2009-ஆம் ஆண்டின் உலகக் காட்டுயிர்ப் புகைப்படப் போட்டியே சாட்சி. முதல் பரிசு வாங்கிய ஓநாய்ப் படத்தில் இருந்தது பழக்கப்படுத்தப்பட்ட ஓநாயாகத்தான் இருக்க வேண்டும் என்று நடுவர்கள் முடிவு செய்து, 2010-இல் பரிசைத் திரும்பப் பெற்றார்கள். எடுத்தவர் மறுத்தார். படம் என்னவோ அழகான படம்தான்.

சிறுத்தையில் ஏமாற்றுவது இன்னும் கடினம், ஏனென்றால் ஒவ்வொன்றுக்கும் உடம்புத் திட்டுகளின் அமைப்பு வேறு. ஆய்வாளர்கள் தானியங்கி கேமராப் படங்களில் அதை வைத்துத்தான் ஆள் அடையாளம் பிடிக்கிறார்கள், அதுவும் இடப்பக்கம் தனி, வலப்பக்கம் தனி. ஆகவே கார்டிலிருந்து கணினிக்கு மாற்றும்போதே கூண்டு என்றால் கூண்டு என்று கோப்புப் பெயரில் எழுதிவிடுகிறேன். படம் கைமாறிப் போனாலும் பெயரோடு போகட்டும்.