விலாவைச் சுற்றி ஒரு பட்டை

மார்ச் 3

நேற்று இரவு 2 மணி. மார்புக்குக் கீழே யாரோ பெல்ட் மாட்டி, ஒவ்வொரு துளையாக இறுக்கிக்கொண்டே போவதுபோல் இருந்தது. நாலு விரல் அகலம். முதுகிலிருந்து கிளம்பி இரண்டு பக்கமும் சுற்றி முன்னால் வந்து சேர்ந்தது. மூச்சை முழுதாக இழுக்க முடியவில்லை. ஆறு வருடமாக எம்.எஸ். (மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் என்ற நரம்பு நோய்) என்னோடு இருக்கிறது, கால் மரத்திருக்கிறது, ஒரு கண் மங்கியிருக்கிறது. இப்படி ஒன்று வந்ததில்லை. மாரடைப்பு என்றே நினைத்தேன்.

தம்பி எதுவும் கேட்காமல் வண்டியை எடுத்தான். ஈ.சி.ஜி., ரத்தப் பரிசோதனை எல்லாம் சரியாக இருந்தன. அங்கே இருந்தவர், “வாயுவாக இருக்கும்” என்றார். எம்.எஸ். இருக்கிறது என்று நான் சொன்னதை எழுதிக்கொண்டாரே தவிர, அதற்கு மேல் எதுவும் கேட்கவில்லை. விடிவதற்குள் வலி தானாகவே விட்டுப்போனது.

மார்ச் 6

நரம்பியல் டாக்டரைப் பார்த்தேன். “வலிக்கிறது” என்று ஆரம்பித்தேன். “எப்படி வலிக்கிறது?” என்றார். நெஞ்சு வலிதான் என்றேன். விடவில்லை. எரிகிறதா, பிழிகிறதா, குத்துகிறதா? துணி பட்டால் கூடுகிறதா? மூச்சு இழுக்கும்போது மட்டுமா, சும்மா இருக்கும்போதுமா? எத்தனை நிமிடம்? ஒரு வலியைப் பற்றி இத்தனை கேள்வி இருக்கும் என்று எனக்கே தெரியாது.

அப்புறம் அவர் சொன்னது. மார்புப் பகுதித் தண்டுவடத்திலிருந்து 12 ஜோடி நரம்புகள் கிளம்பி, விலாவை ஒட்டியே வளைந்து முன்பக்கம் வருகின்றன. எம்.எஸ்.ஸில் உடலின் எதிர்ப்புச் சக்தியே மூளையிலும் தண்டுவடத்திலும் இருக்கும் நரம்பிழைகளின் மயலின் உறையை அரித்துவிடுகிறது. எனக்கு மார்பு மட்டத்தில் ஒரு பழைய தழும்பு இருப்பது முந்தைய எம்.ஆர்.ஐ.யிலேயே தெரிந்ததுதான். அந்த இடத்தில் செய்தி தாறுமாறாகி மேலே போகிறது. வாசலில் யாரும் பொத்தானை அழுத்தவில்லை. கம்பி பழுதானதால் உள்ளே மணி அடிக்கிறது. விலாவில் ஒன்றுமில்லை, இதயத்தில் ஒன்றுமில்லை. ஆனால் வலி உண்மைதான். அதை அவர் இரண்டு தடவை சொன்னார். எனக்கு அது தேவைப்பட்டது.

இதற்கு “எம்.எஸ். ஹக்” என்று பெயராம். அணைப்பாம்! வைத்தவருக்கு இது ஒரு தடவையும் வந்திருக்காது.

காய்ச்சல் உண்டா, சிறுநீரில் எரிச்சல் உண்டா என்றும் கேட்டார். தொற்று இருந்தால் பழைய தொந்தரவுகளே தலைதூக்கும், அதைப் புதிய தாக்குதல் என்று தவறாக நினைத்துவிடலாம் என்பதால். இரண்டும் இல்லை. புதிய தழும்பு இருக்கிறதா என்று பார்க்க மறுபடி எம்.ஆர்.ஐ.

மார்ச் 10

புதிதாக ஒன்றுமில்லை. ஸ்டீராய்டு வேண்டாம். நல்லது, போன தடவை அது என் தூக்கத்தையே தின்றுவிட்டது.

இரண்டு வகை உண்டு என்றார் டாக்டர். ஒன்று நரம்பு வலி: எரிச்சல், கூச்சம், ரவிக்கை பட்டாலே தாங்காது. இன்னொன்று விலா எலும்புகளுக்கு நடுவே இருக்கும் சிறு தசைகள் இழுத்துப் பிடிப்பது. அதில் மூச்சோடு சேர்ந்து பிழியும். சிலருக்கு இரண்டும் கலந்தே வரும். தசைப் பிடிப்பு என்றால் பேக்லோஃபென் போன்ற மருந்து. எனக்கு எரிச்சல்தான் அதிகம், அதனால் கபாபென்டின், இரவில் 300 மில்லிகிராமில் ஆரம்பம். வழக்கமான வலி மாத்திரை ஏன் கேட்கவில்லை என்பது இப்போதுதான் புரிகிறது. அது வீக்கத்துக்கும் அடிபட்டதற்கும் உதவும், இந்த மாதிரி நரம்பு வலியில் பெரிதாக எதுவும் செய்யாது.

மார்ச் 12

முட்டாள்தனம். வெந்நீர்ப் பை இதமாக இருக்கும் என்று நானே முடிவுசெய்து விலாவில் வைத்துக்கொண்டு படுத்தேன். அந்த இடத்தில் பாதி உணர்ச்சி இல்லை என்பதை மறந்துபோனேன். எழுந்து பார்த்தால் தோல் சிவந்து கொப்புளம் கட்டியிருக்கிறது. சூட்டில் வலது கண்ணும் ஒரு மணி நேரம் மங்கலாகிவிட்டது. உடலை வருத்தி வேலை செய்தால் பார்வை குறைவதை ஊட்ஹாஃப் என்ற ஜெர்மன் கண் மருத்துவர் 1890இலேயே எழுதிவைத்திருக்கிறார். உடல் சூடேறுவதுதான் காரணம் என்பது பின்னால் தெரிந்தது. எனக்கு இன்றைக்குத்தான் உறைத்தது. தசைப் பிடிப்பு இருப்பவர்களுக்கு இளஞ்சூடு உதவுமாம். எனக்கு ஆகாது.

தம்பி பையை எங்கேயோ ஒளித்து வைத்துவிட்டான்.

மார்ச் 19

தலை பஞ்சு மாதிரி இருக்கிறது. காலையில் எழுந்தால் தரை லேசாக ஆடுகிறது. டாக்டரிடம் கேட்டேன். ஆரம்பத்தில் அப்படித்தான், அதனால்தான் மெதுவாக ஏற்றுகிறோம், கோபத்தில் நீங்களாக ஒரே நாளில் நிறுத்திவிடாதீர்கள் என்றார். கோபம் என்று எப்படித் தெரிந்ததோ.

ஏப்ரல் 2

இரண்டு வாரமாக ஒரு நோட்டில் எழுதிவருகிறேன்: மணி, எரிச்சலா பிழிதலா, அதற்கு முன் என்ன செய்தேன். எட்டு தடவை வந்திருக்கிறது. ஆறு தடவை, முந்தின இரவு சரியாகத் தூங்காத நாள் அல்லது ஒரே மூச்சில் நாள் முழுக்க வேலை பார்த்த நாள். இப்போது மதியம் அரை மணி படுக்கிறேன், வேலை முடிந்தாலும் முடியாவிட்டாலும்.

இன்னொன்றும் கண்டுபிடித்தேன். தொளதொள உடைதான் நல்லது என்று நினைத்திருந்தேன். அது உரச உரச எரிச்சல் ஏறுகிறது. அகலமான துணியை விலாவைச் சுற்றி அழுத்திக் கட்டினால் மூளைக்கு அழுத்தம் தெரிகிறது, எரிச்சல் பின்னால் போய்விடுகிறது. எல்லாருக்கும் இது சரிவராது, சிலருக்குத் துணியே ஆகாது.

மூச்சு விஷயம் இன்னும் கைவரவில்லை. வலிக்கும் என்ற பயத்தில் மேலோட்டமாக இழுக்கிறேன், அதனால் பயம் கூடுகிறது, இறுக்கமும் கூடுகிறது. ஒருக்களித்துப் படுத்து, விடும் மூச்சை மட்டும் நீட்டப் பழகுகிறேன்.

ஏப்ரல் 9

மறுபடி இரவு 2 மணி. துணியை எடுத்துக் கட்டிக்கொண்டேன். எரிச்சல்தான், பிழிதல் இல்லை. கைக்கு, தாடைக்குப் பரவவில்லை, வியர்வையும் இல்லை. அப்படி ஏதாவது இருந்தால், எத்தனை தடவை பழகிய வலி என்றாலும், நேராக மருத்துவமனைதான் என்று எங்களுக்குள் பேசி வைத்திருக்கிறோம்.

சத்தம் கேட்டுத் தம்பி வண்டிச் சாவியோடு வந்து நின்றான்.

“என்னக்கா, நெஞ்சா?”

“இல்லடா, பட்டை.”

சாவியை மேசையில் வைத்தான். ஆனால் போகவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, நோட்டை எடுத்து அவனே மணியை எழுதினான். 2.10. விட்டபோது 2.45.