செயின்ட் ஏஞ்சலாவின் ஆறு மாணவிகள்

டாக்டர் வருவார், நோயாளியின் கையைப் பிடித்துப் பார்ப்பார், இரண்டு வார்த்தை சொல்வார், போய்விடுவார். மருத்துவமனைத் தொடர்கள் பெரும்பாலும் அவர் பின்னாலேயே நடந்து வார்டைவிட்டு வெளியேறிவிடும். அதன்பிறகு அந்தக் கட்டிலருகே யார் நின்றார்கள், இரவெல்லாம் என்ன செய்தார்கள் என்ற கவலை கதைக்கு இருக்காது. பிபிசி 1975 செப்டம்பரில் தொடங்கிய 'ஏஞ்சல்ஸ்' வார்டிலேயே தங்கிவிட்ட தொடர். அதனால்தான் இத்தனை ஆண்டுகள் கழித்தும் அதைப் பற்றி எழுத எனக்குக் கை துறுதுறுக்கிறது.

மகள் அதன் முதல் பருவத்தை டிவிடியாக வாங்கி அனுப்பியிருந்தாள். ஈப்போவில் மழை விடாமல் பெய்த ஒரு வாரம் முழுவதும் அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அது ஒளிபரப்பான நாளில் நானே வட இங்கிலாந்தில் ஒரு தாதியர் பயிற்சிப் பள்ளியில் இரண்டாம் ஆண்டு மாணவி. பணி முடிந்து வந்த காலுறைகளோடு, தாதியர் விடுதியின் பொது அறையில், நாற்காலி கிடைக்காதவர்கள் தரையில் உட்கார்ந்து பார்த்தோம். அயர்லாந்துப் பெண்கள், ஜமைக்காப் பெண்கள், மொரீஷியஸ்காரி ஒருத்தி, மலேசியாவிலிருந்து வந்த நாங்கள். உள்ளூர் வெள்ளைக்காரப் பெண்கள் அந்த அறையில் பாதிகூட இல்லை. பிரிட்டனின் அரசு மருத்துவ அமைப்பான அன்றைய தேசிய சுகாதாரச் சேவை அப்படி வெளிநாட்டுப் பெண்களை அழைத்து வந்துதான் ஓடிக்கொண்டிருந்தது.

தொடரை உருவாக்கியவர் பாலா மில்ன். லண்டன் பேட்டர்ஸியில் இருப்பதாகக் கற்பனை செய்யப்பட்ட செயின்ட் ஏஞ்சலா மருத்துவமனை. அங்கே பயிற்சி பெறும் ஆறு மாணவிகள். வசதியான வீட்டிலிருந்து வந்த பட்ரீஷியா, அவளுடைய தோழி ஜோ, அயர்லாந்துக்காரி மொரீன், முகத்தில் சிரிப்பைச் சுலபமாகக் காட்டாத ஷர்லி, ரூத், பிறகு சீதா பட்டேல். ஓர் அத்தியாயம் ஒருத்தியை எடுத்துக்கொள்ளும், அடுத்தது இன்னொருத்தியை. எனக்குப் பிடித்தவள் ஷர்லி. கிளேர் கிளிஃபர்ட் அவளை நடித்த விதத்தில் ஒரு விறைப்பு இருக்கும். பயத்தை விறைப்பால் மூடி வைத்திருக்கும் மாணவிகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அவர்கள்தான் பிற்காலத்தில் நல்ல சிஸ்டர்களாக, அதாவது வார்டின் தலைமைத் தாதியராக, ஆனார்கள்.

பிரிட்டனில் அதற்கு முன்பும் மருத்துவமனைத் தொடர்கள் உண்டு. ஐடிவியில் 1957 முதல் 1967 வரை ஓடிய 'எமர்ஜென்சி வார்டு 10' நாடே பார்த்த தொடர். அதிலும் தாதியர் இருந்தார்கள். ஆனால் கதை எப்போதும் டாக்டர்களின் பக்கமே சாயும். 'ஏஞ்சல்ஸ்' அந்தச் சாய்வை நிமிர்த்தியது. அதன் நாயகிகள் பயிற்சி முடிக்காத பெண்கள். பதவியும் இல்லை, அதிகாரமும் இல்லை. குடிப்பழக்கம், கருத்தடை, ஆண்களோடு பழகுவது என்று அன்று வெளிப்படையாகப் பேசப்படாதவற்றையும் அது தொட்டது. எங்கள் பள்ளியின் ஆசிரியைக்கு அது பிடிக்கவில்லை. இதைப் பார்த்தால் எந்தத் தாய் தன் மகளைத் தாதியாக அனுப்புவாள் என்று வகுப்பிலேயே கேட்டார். நாங்கள் தலையைக் குனிந்துகொண்டோம். விடுதியில் நடப்பது எங்களுக்குத் தெரியாதா? அவருக்கும் தெரியும்.

இந்தத் தொடரின் அருமை புரிய வேண்டுமானால் அன்றைய பயிற்சி எப்படி நடந்தது என்று தெரிய வேண்டும். இன்று தாதிமை என்பது பல்கலைக்கழகப் படிப்பு. அன்று நாங்கள் மாணவிகள் என்று பெயர்; உண்மையில் வார்டின் வேலையாட்கள். சில வாரங்கள் வகுப்பறையில் ஊசி போடவும் கட்டுக் கட்டவும் கற்றுக்கொடுத்து நேராக வார்டுக்கு அனுப்பிவிடுவார்கள். சம்பளம் உண்டு. பணிப் பட்டியலில் எங்கள் தலைகளையும் எண்ணித்தான் வார்டு நடந்தது. இரண்டாம் ஆண்டு முடிவதற்குள் முப்பது கட்டில் கொண்ட வார்டை இரவில் ஒரு மாணவியிடம் ஒப்படைப்பது சாதாரணம். இருபது வயதுப் பெண், துணைக்கு ஒரு உதவியாளர், எங்கோ தொலைபேசியின் மறுமுனையில் இரவு சிஸ்டர்.

வார்டு என்பது நீண்ட ஒரே கூடம், இரு பக்கமும் வரிசையாகக் கட்டில்கள். விரிப்பின் மூலைகளை உறை மடிப்பதுபோல் மடிக்க வேண்டும். தலையணை உறையின் திறந்த பக்கம் வாசலைப் பார்க்கக் கூடாது. கட்டிலின் சக்கரங்கள் எல்லாம் ஒரே திசையில் திரும்பியிருக்க வேண்டும். இரவில் பூச்சாடிகளை எடுத்து வெளியே வைக்க வேண்டும். சிவப்புப் பூவையும் வெள்ளைப் பூவையும் ஒரே சாடியில் வைத்தால் வார்டில் சாவு விழும் என்று மூத்தவர்கள் நம்பினார்கள். நாங்களும் பிரித்தே வைத்தோம். எழ முடியாத நோயாளிகளைச் சில மணிக்கொருமுறை புரட்டி, முதுகும் குதிகாலும் சிவந்திருக்கிறதா என்று பார்த்துத் துடைப்போம். ஒரு நோயாளிக்குப் படுக்கைப் புண் வந்தால் வார்டுக்கே அவமானம், சிஸ்டரின் முகம் நாள் முழுக்கக் கறுத்திருக்கும். கழிவறைச் சட்டிகளைக் கழுவும் ஸ்லூஸ் அறையில்தான் நாங்கள் அழுவோம், அங்கேதான் சிரிப்போம்.

டாக்டரின் கதையைச் சொல்பவர்களுக்கு இவையெல்லாம் பின்னணி. 'ஏஞ்சல்ஸ்' இவற்றின் நடுவில் நின்று கதை சொன்னது. நோயாளி பிழைத்தாரா என்பதோடு, அவரைக் கவனித்த பெண் அன்றைக்கு எப்படித் தூங்கினாள் என்பதும் அதற்கு முக்கியம். அந்நாள் பிபிசி நாடகங்களைப் போலவே உட்புறக் காட்சிகள் ஸ்டூடியோவில் வீடியோவிலும் வெளிக்காட்சிகள் ஃபிலிமிலும் எடுக்கப்பட்டவை. இன்று பார்ப்பவர்களுக்கு ஒளி தட்டையாகவும் பேச்சு மெதுவாகவும் தோன்றலாம். எனக்கு அந்த மெதுவே சரி. வார்டில் நேரம் அப்படித்தான் நகரும்.

சீதா பட்டேலைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். கரண் டேவிட் நடித்தார். தமிழ்ப் பெண் பாத்திரம் அல்லதான். ஆனாலும் அந்த வெள்ளைத் தொப்பிக்குக் கீழே எங்கள் நிறத்தில் ஒரு முகம் திரையில் தோன்றியபோது பொது அறையில் பேச்சு நின்றது. பக்கத்தில் இருந்த கிள்ளான் பரமேஸ் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். அடுத்த வாரம் ஆண்கள் வார்டில் ஒரு கிழவர் என்னை "சீட்டா" என்று கூப்பிட்டார். அவர் வீட்டுக்குப் போகும்வரை அதுதான் என் பெயர். எனக்கு அது பிடித்திருந்தது. அதற்குமுன் அவர் என்னை எந்தப் பெயரும் சொல்லிக் கூப்பிட்டதில்லை.

தொடர் தொடாத ஒரு விஷயமும் உண்டு. நான் பார்த்தவரை அது கதையின் நடுவில் வரவே இல்லை. அன்று பயிற்சி இரண்டு வகை. மூன்றாண்டு படித்தால் எஸ்ஆர்என், அதாவது முழுத் தகுதி பெற்ற பதிவுத் தாதி. இரண்டாண்டு படித்தால் எஸ்இஎன், அதற்கு ஒரு படி கீழான தாதி. வேலை ஏறக்குறைய ஒன்றுதான், ஆனால் எஸ்இஎன்னுக்குப் பெரிதாகப் பதவி உயர்வு கிடையாது, சிஸ்டர் ஆக முடியாது. வெளிநாட்டிலிருந்து வந்த பெண்கள் பலர் இந்த இரண்டாவது வகைக்குள் தள்ளப்பட்டார்கள். பரமேஸும் அப்படித்தான். பள்ளி இறுதித் தேர்வில் என்னைவிட அவள் மதிப்பெண் கூடுதல். விண்ணப்பம் அனுப்பிய இடத்திலிருந்து வந்த கடிதத்தில் தாதியர் பயிற்சி என்று மட்டும் இருந்தது. பெருஞ்செலவு செய்து, நகையை அடகு வைத்து, விமானத்தில் வந்து இறங்கியபின்தான் எந்த வகுப்பு என்று தெரிந்தது. திரும்பிப் போக முடியுமா? ஊரில் கேட்பவர்களுக்கு என்ன சொல்வது? அவள் நன்றாக வேலை செய்தாள், வயதான நோயாளிகள் அவளைத்தான் தேடுவார்கள். ஆனால் செயின்ட் ஏஞ்சலாவில் நடந்த எல்லாக் கதைகளையும் பார்த்துவிட்டு ஒருநாள், "நம்ம கதை எப்ப வரும்?" என்று கேட்டாள். இந்தப் பெண்களின் கதைக்கு ஓர் அத்தியாயமாவது கொடுத்திருக்கலாம் என்று எனக்கு இன்றும் வருத்தம் உண்டு. நல்ல தொடர் என்பதால்தான் வருத்தம்.

1979-இல் தொடரின் வடிவத்தை மாற்றினார்கள். நீளமான வாராந்தர அத்தியாயம் போய், வாரம் இருமுறை அரை மணி நேரம் என்றானது. பிற்பாடு கதையே பர்மிங்ஹாமுக்கு நகர்ந்தது. 1983-இல் முடிந்தது. அந்தப் பிற்காலப் பருவங்களைத் தயாரித்த ஜூலியா ஸ்மித்தும் கதைக் குழுவில் இருந்த டோனி ஹாலண்டும்தான் 1985-இல் 'ஈஸ்ட்எண்டர்ஸ்' தொடரை உருவாக்கினார்கள். அரை மணி நேர அத்தியாயங்களில் வேகம் இருந்தது, ஆட்களும் அதிகம். ஆனால் ஒருத்தியோடு முழுதாக உட்கார்ந்திருக்கும் பொறுமை குறைந்துவிட்டது. முதல் இரண்டு பருவங்களுக்குத்தான் என் வாக்கு. பார்க்க விரும்புகிறவர்கள் அங்கிருந்து தொடங்குங்கள்.

மகளிடம் இதையெல்லாம் சொன்னபோது, நம் நாட்டில் இப்படி ஒரு தொடர் வந்தால் யாரைப் பற்றி இருக்க வேண்டும் என்று கேட்டாள். எனக்கு யோசிக்க வேண்டியிருக்கவில்லை. ரப்பர்த் தோட்டங்களில் இருந்த சின்ன மருத்துவமனைகள். டிரசர் என்று அழைக்கப்பட்ட ஒரு மருத்துவ உதவியாளர், இரண்டொரு ஆயாக்கள், வாரத்துக்கு ஒருமுறை எட்டிப் பார்க்கும் டாக்டர். என் அம்மா சுங்கை சிப்புட் பக்கம் ஒரு தோட்டத்தில் அப்படி ஆயாவாக இருந்தவர். லயத்தில் பாதிப் பிள்ளைகளைக் கையில் வாங்கியவர் அவர்தான். அங்கே வேலை செய்தவர்களில் சிலர் இன்னும் இருக்கிறார்கள், நினைவும் தெளிவாக இருக்கிறது. எழுதத் தெரிந்த இளையோர் யாராவது ஒலிப்பதிவுக் கருவியோடு வந்தால், எந்தெந்த வீட்டுக் கதவைத் தட்ட வேண்டும் என்று நான் கூடவே வந்து காட்டுகிறேன். பரமேஸும் வருவாள். அவள் இப்போது மறுபடியும் கிள்ளானில்தான் இருக்கிறாள்.