தொடர்ந்த ஆதரவுக்கு ஆங்கிலத்தில் எந்தச் சொல்?

சென்ற வாரம் என் தங்கை தன் முனைவர் பட்ட ஆய்வேட்டின் நன்றியுரையைக் காட்டினாள். நெறியாளருக்கான வரியில் ‘கன்டினியூவஸ் சப்போர்ட்’ என்று எழுதியிருந்தாள். அதில் இலக்கணப் பிழை இல்லை. பல ஆய்வேடுகளில் காணும் தொடர்தான். ஆயினும் ‘கன்டினியூவஸ்’ என்பது இடையில் அறுபடாத ஓட்டத்தைக் குறிப்பதால், மின்சாரத்துக்கும் நீரோட்டத்துக்கும் பொருந்துகிற அளவுக்கு மனிதர் தரும் துணைக்கு அது இயல்பாகப் பொருந்துவதில்லை என்பது என் கருத்து. ‘கன்டினியூட் சப்போர்ட்’ என்றால் முன்பு கிடைத்த ஆதரவு இன்றும் நீடிக்கிறது என்று பொருள்; வாடிக்கையாளர்களுக்கும் நன்கொடையாளர்களுக்கும் எழுதும் கடிதங்களின் இறுதியில் அதுவே வழக்கு. ‘ஆன்கோயிங்’ என்பதோ திட்டத்துக்கும் பராமரிப்புக்கும் உரிய அலுவலகச் சொல்.

தங்கையின் சோதனை இருமுறை தோற்றபோது, தலைப்பையே மாற்றிவிடு என்று பலரும் சொல்ல, அவளுடைய வரைவின் ஓரத்தில் சிவப்பு மையால் ‘மீண்டும் செய்து பார்’ என்று எழுதித் தந்தவர் அந்த நெறியாளர். அந்த உறுதிக்கு, தளராத என்று பொருள்படும் ‘அன்வேவரிங்’ தவிர வேறெதுவும் ஈடாகாது என்றேன். அவள் அதை ஏற்றுத் திருத்தினாள். எந்நேரமும் உடனிருந்த அம்மாவுக்கான வரியில் ‘கான்ஸ்டன்ட்’ என்று எழுதிக்கொண்டாள்.