பாஸ்வேர்டு பிரச்சினை என்றுதான் கூப்பிட்டார்கள்

டேட்டாபேஸ் சர்வரான மைஎஸ்க்யூஎல் 1045 என்ற எண்ணோடு ‘ஆக்சஸ் டினைட்’ (நுழைய அனுமதி இல்லை) என்று காட்டினால் எல்லாரும் முதலில் பாஸ்வேர்டில்தான் கை வைப்பார்கள். பெரியப்பா மகன் நடத்தும் ஹார்டுவேர் கடையிலும் அதுதான் நடந்தது. ஒரே ஒரு விண்டோஸ் கம்ப்யூட்டர், பிஹெச்பியில் எழுதிய பில்லிங் புரோகிராம், அதற்கு அடியில் ஸாம்ப், அதாவது வெப் சர்வர், பிஹெச்பி, டேட்டாபேஸ் எல்லாம் ஒன்றாக வரும் தொகுப்பு. கன்ட்ரோல் பேனலில் மைஎஸ்க்யூஎல் என்று எழுதியிருந்தாலும் உள்ளே ஓடுவது அதிலிருந்து பிரிந்து வந்த மரியாடிபி, இங்கே 10.4. 2015 அக்டோபரிலிருந்தே ஸாம்பில் மைஎஸ்க்யூஎல்லுக்குப் பதில் மரியாடிபிதான். ஒரு சாயங்காலம் வியாபார நேரத்தில் கரண்ட் போயிருக்கிறது, யூபிஎஸ் பேட்டரி எப்போதோ செத்துவிட்டது, மறுநாள் காலையில் ஸ்டார்ட் பட்டனை அமுக்கினால் மஞ்சளாகிவிட்டு உடனே அணைந்துபோகிறது.

அக்கம்பக்கத்தில் கம்ப்யூட்டர் சர்வீஸ் பார்க்கும் பையன் ஒருவன் வந்து, இணையத்தில் எங்கே தேடினாலும் கிடைக்கும் அதே வைத்தியத்தைச் செய்திருக்கிறான். டேட்டா ஃபோல்டரை ‘டேட்டா ஓல்டு’ என்று பெயர் மாற்றுவது, ஸாம்போடு வரும் பேக்கப் ஃபோல்டரை நகலெடுத்து அதற்கு டேட்டா என்று பெயர் வைப்பது, பழையதிலிருந்து கடையின் டேட்டாபேஸ் ஃபோல்டரை மட்டும் புதியதற்குள் போடுவது. நல்லவேளை, கட் செய்யாமல் காப்பி செய்திருந்தான். மைஎஸ்க்யூஎல் பச்சையாகிவிட்டது. ஆனால் பில்லிங் திறக்கவில்லை, 1045. பாஸ்வேர்டு கெட்டுவிட்டது என்று நினைத்து டேட்டாபேஸை பிரவுசரில் நிர்வகிக்க உதவும் பிஹெச்பிமைஅட்மினில் போய், எல்லா அதிகாரமும் உள்ள ரூட் யூசருக்குப் புது பாஸ்வேர்டு வைத்திருக்கிறான், பிஹெச்பிமைஅட்மின் தன் கான்ஃபிக் ஃபைலில் இருக்கும் வெற்று பாஸ்வேர்டையே கொடுத்துப் பார்த்து அதுவும் வெளியே நின்றுவிட்டது. புது பாஸ்வேர்டு என்ன என்று கேட்டால் அவனுக்கே நிச்சயமாகத் தெரியவில்லை.

அண்ணன் போனில், “மூணு வருசப் பாக்கியும் அதுக்குள்ளதான்டா இருக்கு, வெளில எங்கயும் எழுதி வைக்கல” என்றார். அன்றைக்கே கிளம்பிப் போனேன்.

போனதும் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு டேட்டா, டேட்டா ஓல்டு இரண்டையும் அப்படியே ஒரு பென்டிரைவில் எடுத்து வைத்தேன். அப்புறம் ரூட். லேன் வயரைப் பிடுங்கிவிட்டு, மைஎஸ்க்யூஎல்லின் கான்ஃபிக் ஃபைலான மை.ஐஎன்ஐயில் மைஎஸ்க்யூஎல்டி பகுதிக்குக் கீழே ஸ்கிப்-கிராண்ட்-டேபிள்ஸ் என்று ஒரு வரி. அது இருக்கும்வரை யார் வேண்டுமானாலும் பாஸ்வேர்டு இல்லாமல் உள்ளே வரலாம், அதனால்தான் வயரைப் பிடுங்கியது. அந்த நிலையில் பாஸ்வேர்டை மாற்றும் ஆல்டர் யூசர் கட்டளையை நேராகக் கொடுத்தால் 1290 என்று திட்டும். முதலில் அனுமதிகளை மறுபடி ஏற்றும் ஃப்ளஷ் பிரிவிலேஜஸ், பிறகு ஆல்டர் யூசர். மைஎஸ்க்யூஎல்.யூசர் டேபிளை அப்டேட் செய் என்று பழைய குறிப்புகள் சொல்வது இங்கே எடுபடாது, 10.4-லிருந்து அது வெறும் வியூ (இன்னொரு டேபிளைக் காட்டும் ஜன்னல்), உண்மையான டேபிளின் பெயர் குளோபல் பிரிவ். வேலை முடிந்ததும் அந்த வரியை எடுத்துவிட்டு ரீஸ்டார்ட்.

ரூட் திறந்தது. பில்லிங் புரோகிராம் பயன்படுத்தும் யூசரைத் தேடினால் ஆளே இல்லை. இருக்க வழியில்லை: யூசர் கணக்குகள் எல்லாம் டேட்டா ஃபோல்டருக்குள் மைஎஸ்க்யூஎல் என்ற பெயரில் இருக்கும் டேட்டாபேஸில் இருக்கின்றன, பையன் வைத்த பேக்கப் ஃபோல்டரில் இருப்பதோ ஸாம்ப் நிறுவிய அன்றைக்கு இருந்த கணக்குகள். ஆக பாஸ்வேர்டை யாரும் கெடுக்கவில்லை, அந்த யூசரே அங்கே கிடையாது.

அதைவிடப் பெரிய தலைவலி அடுத்தது. கடை டேட்டாபேஸைத் திறந்தால் இடதுபக்கம் டேபிள் பெயர்கள் வரிசையாகத் தெரிகின்றன, எதைத் தொட்டாலும் 1932, ‘டஸன்ட் எக்ஸிஸ்ட் இன் இன்ஜின்’. அண்ணன் முகம் வெளுத்துவிட்டது. பெயர்கள் தெரிவது ஃபோல்டரில் இருக்கும் .எஃப்ஆர்எம் ஃபைல்களை வைத்து. ஆனால் எந்த டேபிளின் சரக்கு எந்த .ஐபிடி ஃபைலில், எந்த எண்ணில் இருக்கிறது என்று இன்னோடிபி (டேபிள்களைச் சேமித்துப் படிக்கும் இன்ஜின்) வைத்திருக்கும் கணக்கு ஐபிடேட்டா1 என்ற ஃபைலில் இருக்கிறது. டேட்டாபேஸ் ஃபோல்டரை மட்டும் நகர்த்தினால் அந்தக் கணக்கு கூட வராது. இந்த வைத்தியத்தைச் சொல்பவர்களில் பாதிப்பேர் ஐபிடேட்டா1 பற்றி வாயே திறப்பதில்லை, அதில்தான் எனக்குக் கோபம்.

கூட்டாளி ஒருவன் போனில் “இன்னோடிபி ஃபோர்ஸ் ரெகவரியை ஆறு வச்சு ஓட்டிப் பாரு” என்றான். அது கெட்ட ஃபைல்களோடும் சர்வரை வலுக்கட்டாயமாக எழுப்பப் பார்க்கும் செட்டிங். ஒன்றிலிருந்து ஆறு வரை போகும் அந்த எண்ணில் நாலும் அதற்கு மேலும் ஃபைல்களை நிரந்தரமாகக் கெடுக்கக்கூடியவை. வேண்டாம் என்று சொல்லிவிட்டு, இத்தனை நேரம் யாரும் திறக்காத ஒன்றைத் திறந்தேன்: டேட்டா ஓல்டுக்குள் இருந்த மைஎஸ்க்யூஎல் எரர் லாக்.

கரண்ட் போனதற்கு மறுநாள் காலையின் வரிகள் அப்படியே இருந்தன. இன்னோடிபி கிராஷ் ரெகவரி தொடங்கியிருக்கிறது, நல்லபடியாக முடித்தும் இருக்கிறது. கடையின் டேபிள்களுக்கு ஒரு கீறலும் இல்லை. அதற்குக் கீழேதான் விஷயம்: ‘டிபி’ என்ற டேபிளின் ஃபார்மேட் சரியில்லை, பிரிவிலேஜ் டேபிள்களைத் திறக்க முடியவில்லை, மூடுகிறேன். மரியாடிபி 10.4-இல் அனுமதி டேபிள்கள் இன்னோடிபி கிடையாது, ஏரியா என்ற வேறு இன்ஜின். யாருக்கு எந்த டேட்டாபேஸ் என்று எழுதி வைக்கும் அந்தச் சின்ன டேபிள் அடி வாங்கியதால் மொத்த சர்வரும் எழ மறுத்திருக்கிறது.

சரி, டேட்டா ஓல்டை இன்னொரு நகல் எடுத்து, அதையே டேட்டா என்று வைத்து, மைஎஸ்க்யூஎல் ஃபோல்டருக்குள் இருந்த டிபி.எஃப்ஆர்எம், டிபி.எம்ஏடி, டிபி.எம்ஏஐ மூன்றை மட்டும் ஸாம்பின் பேக்கப் ஃபோல்டரிலிருந்து எடுத்துப் போட்டேன். ஐபிடேட்டா1, ஐபி லாக்ஃபைல்கள், கடை ஃபோல்டர் எதையும் தொடவில்லை. ஸ்டார்ட் கொடுத்தால் பச்சை. டேபிளைத் தொட்டால் வரிகள் வருகின்றன.

பில்லிங் இன்னும் திறக்கவில்லை, ஆனால் எண் மாறியிருந்தது: 1044. முன்பு வந்த 1045 என்றால் ஆளே ஏற்கப்படவில்லை. 1044 என்றால் யூசரும் பாஸ்வேர்டும் சரி, அந்த டேட்டாபேஸுக்கு அனுமதி இல்லை. புது டிபி டேபிளில் நம் யூசரின் வரி இருக்காது, அதனால் எதிர்பார்த்ததுதான். ரூட்டாக நுழைந்து அனுமதி கொடுக்கும் கிராண்ட் ஆல் கட்டளை ஒன்று, முடிந்தது. அண்ணன் கார்பன் பில் புக்கை எடுத்து வந்து கடைசி பில் நம்பரை ஒப்பிட்டார், சரியாக இருந்தது. கரண்ட் போன நொடியில் சேவ் ஆகிக்கொண்டிருந்த ஒரு பில் மட்டும் இல்லை. பாதியில் நின்ற டிரான்ஸாக்ஷனை இன்னோடிபி ரோல்பேக் செய்துவிடும், அதுதான் முறை.

ஐபிடேட்டா1 உண்மையிலேயே போயிருந்தால் இவ்வளவு சுலபமில்லை. ஒவ்வொரு டேபிளையும் அதே அமைப்பில் புதிதாக உருவாக்கி, டிஸ்கார்ட் டேபிள்ஸ்பேஸ் கொடுத்து, பழைய .ஐபிடி ஃபைலை அந்த இடத்தில் வைத்து, இம்போர்ட் டேபிள்ஸ்பேஸ் கொடுக்க வேண்டும். டேபிளின் ஒரு நெடுவரிசை மாறினாலும், ரோ ஃபார்மேட் காம்பாக்டா டைனமிக்கா என்பதில் தப்பினாலும் ஏற்காது. வேறொரு இடத்தில் செய்திருக்கிறேன், இடுப்பு ஒடிந்துவிடும்.

கிளம்புவதற்கு முன், கடை சாத்தும் நேரத்தில் மைஎஸ்க்யூஎல்டம்ப் கொண்டு தானாக பேக்கப் எடுக்கும்படி ஒரு பேட் ஃபைல் (கட்டளைகளை வரிசையாக ஓட்டும் விண்டோஸ் ஃபைல்) எழுதி டாஸ்க் ஷெட்யூலரில் போட்டேன், யூசர் கணக்குகளுக்கும் சேர்த்து. மறுநாள் அண்ணன் அனுப்பிய ஸ்கிரீன்ஷாட்டில் டம்ப் ஃபைல் 0 கேபி. கையால் ஓட்டச் சொன்னால் மறுபடியும் 1045. கடைசியில் பார்த்தால், அண்ணன் ராத்திரியே பலமான பாஸ்வேர்டு வேண்டும் என்று மாற்றி, பேட் ஃபைலிலும் போட்டிருக்கிறார், அதன் நடுவில் ஒரு சதவீதக் குறியும் பக்கத்திலேயே 1-உம். பேட் ஃபைலுக்குள் அந்த ஜோடிக்கு வேறு அர்த்தம், அதனால் அந்த இரண்டு எழுத்தும் காணாமல் போய்விடும். பாஸ்வேர்டைத் தனி ஆப்ஷன் ஃபைலில் எழுதி, டிஃபால்ட்ஸ்-எக்ஸ்ட்ரா-ஃபைல் என்று கட்டளையின் முதல் ஆப்ஷனாகக் கொடுக்கச் சொன்னேன். அன்று ராத்திரி வந்த டம்பை என் லேப்டாப்பில் ஏற்றிப் பார்த்தேன், பாக்கி டேபிள் முழுசாக இருந்தது.