சமையலறையில் மிச்சம் பிடித்ததை வங்கியில் தொலைத்து, திரும்ப மீட்ட கதை

வீட்டுக் கடனில் கூடுதலாகப் பணம் கட்டப் போகிறவர்கள் படிவத்தில் ஒரு சின்னக் கட்டத்தைத் தேடுங்கள். ‘தவணையைக் குறைக்கவா, காலத்தைக் குறைக்கவா’ என்று கேட்டிருக்கும். நாங்கள் முதன்முதலில் 1 லட்சம் கட்டப் போனபோது அந்தக் கட்டம் காலியாகவே இருந்தது. “நாங்க பாத்துக்கறோம் சார்” என்றார் கவுண்டரில் இருந்தவர். அவர்கள் பார்த்துக்கொண்ட லட்சணம் அடுத்த மாதம் தெரிந்தது: தவணை எண்ணூற்றுச் சொச்சம் குறைந்திருந்தது. கடன் முடியும் தேதி ஒரு நாள்கூட நகரவில்லை.

இதில் என்ன நஷ்டம் என்று கேட்பவர்களுக்காகக் கணக்கு. 30 லட்சம் கடன், 20 வருடம், 8.5% வட்டி. தவணை 26,035 ரூபாய். முதல் மாதத் தவணையில் 21,250 வட்டிக்கே போய்விடும். அசலில் கழிவது 4,785 மட்டும். கடனின் தொடக்கத்திலேயே 1 லட்சம் கூடுதலாகக் கட்டி, தவணையை மட்டும் குறைத்தால் மாதம் 868 ரூபாய் இறங்கும். 240 மாதத்துக்குச் சேர்த்தால் 2 லட்சத்து 8 ஆயிரம். அதே 1 லட்சத்துக்குத் தவணையைத் தொடாமல் காலத்தைக் குறைத்தால் 19 மாதத்துக்கு மேல் குறைந்துவிடும், அதாவது 5 லட்சத்துக்குப் பக்கத்தில் தவணை மிச்சம். குறைந்த அந்த 868-ஐயும் மாதாமாதம் விடாமல் கடனிலேயே திரும்பக் கட்டினால் இரண்டும் ஒன்றுதான். ஆனால் எந்த வீட்டிலும் அது நடப்பதில்லை. கேபிள், பெட்ரோல், ஒரு ஸ்வீட் பாக்ஸ் என்று கரைந்துவிடும்.

மாற்றச் சொல்லிப் போனால் “சிஸ்டத்தில் ஆப்ஷன் இல்லை” என்றார்கள். இருக்கிறது. கிளையில் இல்லாவிட்டால் கடன் பிரிவு அலுவலகத்தில் இருக்கும். இரண்டு நடை, அரை நாள் லீவு இரண்டு. கடன் எண், கட்டிய தேதி, தொகை, ‘தவணை மாறாமல் காலம் குறைக்கப்பட வேண்டும்’ என்ற ஒரே வரி, இவ்வளவையும் கடிதமாக எழுதி, நகலில் சீலும் தேதியும் வாங்கிய பிறகுதான் வேலை நடந்தது. வாயால் சொன்ன எதற்கும் கணக்கில் இடமில்லை. மாற்றி முடித்ததும் புதிய தவணை அட்டவணையைக் கேட்டு வாங்குங்கள். கடைசித் தவணையின் தேதி முன்னால் வந்திருந்தால்தான் மாற்றியிருக்கிறார்கள் என்று அர்த்தம்.

இன்னொரு பள்ளம்: செயலி வழியாகக் கடன் கணக்குக்குப் பணம் அனுப்பினால், சில இடங்களில் அது அசலில் கழியாது, ‘முன்தவணை’யாக உட்கார்ந்திருக்கும். அடுத்த மாதத் தவணை அதிலிருந்தே எடுக்கப்படும். உங்களுக்கு ஒரு பைசா லாபமில்லை. அனுப்பிய மறுநாளே நிலுவை அசல் அதே அளவு இறங்கியிருக்கிறதா என்று பாருங்கள். சேர்த்தே ஒரு வார்த்தை: தனிநபர் பெயரில் உள்ள, வட்டி மாறும் வகை வீட்டுக் கடனுக்கு முன்கூட்டிக் கட்டும் அபராதம் வாங்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2012-லேயே வங்கிகளுக்குச் சொல்லிவிட்டது. நிலையான வட்டி என்றால் ஒப்பந்தத்தைப் படியுங்கள்.

சரி, கட்டுவதற்குப் பணம்? மாதம் 4,000. மேலே சொன்ன 30 லட்சத்துக்கு முதல் மாதத்திலிருந்தே தவணையோடு 4,000 சேர்த்துக் கட்டினால் 240 மாதம் 174 ஆகிறது, ஐந்தரை வருடம் மிச்சம். நாலு பேர் வீட்டில் இந்த 4,000-ஐ எங்கே பிடிப்பது என்றால், பெரும்பகுதி ஓட்டல் பார்சலிலும் பாக்கெட் மாவிலும் இருக்கிறது. மளிகைப் பட்டியலில் நாம் நினைக்கிற அளவுக்கு இல்லை. பருப்பு, அரிசியில் அடித்துப் பிடித்தாலும் ஐந்நூறு தேறுவது கஷ்டம்.

மாவிலேயே தொடங்குகிறேன், நாங்கள் அதிகம் சொதப்பியது அதில்தான். அளவு எல்லோருக்கும் தெரிந்ததுதான்: 4 டம்ளர் இட்லி அரிசி, 1 டம்ளர் முழு உளுந்து, 1 டீஸ்பூன் வெந்தயம். ரேஷன் புழுங்கலும் இட்லி அரிசியும் பாதிக்குப் பாதி கலந்தாலும் இட்லி நன்றாகவே வருகிறது. ரேஷன் அரிசியை மட்டும் ஐந்தாறு தண்ணீர் கழுவ வேண்டும். உளுந்தை முதலில் போட்டு, குளிர்ந்த நீரைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளித்து 25 முதல் 30 நிமிடம். ஒரு சொட்டு மாவைத் தண்ணீரில் போட்டால் மிதக்க வேண்டும்.

சொதப்பல் இதற்குப் பிறகுதான். வாரம் ஒருமுறை ஆட்டினால் போதும் என்று மொத்த மாவையும் ஒரே இரவில் புளிக்க வைத்தோம். ஐந்தாம் நாள் தோசை வாயில் வைக்க முடியாத புளிப்பு. பிள்ளைகள் தட்டைத் தள்ள, அன்று இரவே பார்சல். இரண்டு வாரத்தில் மிச்சம் பிடித்தது ஒரே இரவில் போனது. தீர்வு ரொம்ப எளிது: ஆட்டியதும் பாதி மாவை உப்புப் போடாமல், புளிக்க விடாமல் நேரே ஃபிரிட்ஜுக்குள் வையுங்கள். மீதிப் பாதியை மட்டும் உப்புப் போட்டுக் கையால் கலந்து 8 முதல் 10 மணி நேரம் வெளியே விடுங்கள். மார்கழிக் குளிரில் 12-க்கு மேலும் ஆகும். பொங்கியதும் அதுவும் உள்ளே. மூன்றாம் நாள் இரவு, உப்புப் போடாத பாதியை வெளியே எடுத்து உப்புக் கலந்து வைத்தால், வாரக் கடைசியிலும் புது மாவு இட்லி. அப்படியும் புளித்துப்போனால் வெங்காயம், பச்சை மிளகாய் தாளித்துக் கொட்டிக் குழிப்பணியாரம்.

ரேஷனில் சிறப்புப் பொது விநியோகத்தில் தரும் 1 கிலோ துவரம் பருப்பு 30 ரூபாய், 1 லிட்டர் பாமாயில் 25 ரூபாய். இதை விடவே கூடாது. கௌரவம் பார்க்கிறவர்கள் கடை விலையை ஒருமுறை பார்த்துவிட்டுப் பேசலாம். மாதக் கடைசிவரை இழுத்தடித்தால் ‘ஸ்டாக் இல்லை, நாளைக்கு வாங்க’ என்ற பதிலோடு மாதமும் முடிந்துவிடும். முதல் இரண்டு வாரத்திலேயே போய்விடுங்கள்.

மொத்தமாக வாங்கினால் மிச்சம் என்பது பாதி உண்மை. ஐப்பசி மழைக்கு முன்னால் 10 கிலோ துவரம் பருப்பு வாங்கி, டப்பாவில் அப்படியே கொட்டி வைத்தோம். கார்த்திகையில் திறந்தால் வண்டு. பருப்பு, பயறு வகை இரண்டு மாதத் தேவைக்கு மேல் வேண்டாம். வாங்கியதும் ஒரு நாள் வெயிலில் போட்டு, சூடு ஆறிய பிறகு காய்ந்த டப்பாவில் அடையுங்கள். ரவையை வாங்கிய அன்றே வறுத்து வையுங்கள். எண்ணெயில் 15 லிட்டர் டின் வேண்டவே வேண்டாம்: திறந்த டின்னில் அடிப்பகுதிக்கு வருவதற்குள் சிக்கு வாடை வந்துவிடும்.

மொத்தத்தில் நிச்சயமாக மிச்சம் தருவது குழம்பு மிளகாய்த்தூள். எங்கள் அளவு: மல்லி 1 கிலோ, வற்றல் அரை கிலோ, துவரம் பருப்பு 100 கிராம், சீரகம் 100, மிளகு 50, விரலி மஞ்சள் 50, வெந்தயம் 25. வெயிலில் ஒடிக்கிற பதத்துக்குக் காய வேண்டும். மில்லில் உங்களுக்கு முன்னால் மிளகாய் அரைத்தவர் யார் என்று பார்த்து வரிசையில் நில்லுங்கள். சீயக்காய்க்குப் பின்னால் நின்றால் ஆறு மாதக் குழம்பிலும் சீயக்காய்தான். அரைத்த தூள் சூடாக இருக்கும். அதை அப்படியே பாட்டிலில் அடைத்தால் உள்ளே வியர்த்துக் கட்டிதட்டி, பூஞ்சணம் பிடிக்கும். காகிதத்தில் பரப்பி இரண்டு மணி நேரம் ஆறவிட வேண்டும்.

கேஸுக்கு ஒரே விதி: கொண்டைக்கடலையும் பட்டாணியும் இரவே ஊற வேண்டும். மறந்துவிட்டால் அன்றைக்கு அந்தக் குழம்பு கிடையாது. சாதமும் பருப்பும் அடுக்குப் பாத்திரத்தில் ஒரே குக்கரில். இண்டக்‌ஷன் அடுப்புக்கு மாறுகிறவர்கள் மின் கணக்கைக் கவனியுங்கள். தமிழ்நாட்டில் இரண்டு மாத ரீடிங் 500 யூனிட்டைத் தாண்டினால் 101 முதல் 200 வரையிலான யூனிட்டுகளுக்கும் கட்டண விகிதம் ஏறிவிடும். கேஸில் மிச்சம் பிடித்தது அங்கே போகும்.

இப்படிச் சேர்ந்த பணம் சேமிப்புக் கணக்கிலேயே கிடந்தால் மாதக் கடைசியில் காணாமல் போகும். சம்பளம் வந்த மறுநாளே தானாக ஒரு தொடர் வைப்புக்குப் போகும்படி வைத்து, ஆறு மாதத்துக்கு ஒருமுறை எடுத்துக் கடனில் கட்டினோம். ஆறு மாத வீட்டுச் செலவும் தவணையும் தனியாகக் கையில் இருக்கட்டும். அசலில் கட்டியதை ஆஸ்பத்திரிச் செலவுக்கு என்று திரும்பக் கேட்க முடியாது.

இடையில் 2022-ல், ரிசர்வ் வங்கி வங்கிகளுக்குக் கடன் தரும் வட்டியான ரெப்போ ஏறத் தொடங்கியது: அந்த மே மாதத் தொடக்கத்தில் 4%, மறு பிப்ரவரியில் 6.5%. வீட்டுக் கடன் வட்டியும் கூடவே ஏறியது. தவணை மாறாததால் பலர் கவனிக்கவே இல்லை, காலம் மட்டும் நீண்டுகொண்டே போனது. 7% வட்டியில் 30 லட்சத்துக்கு 20 வருடத் தவணை 23,259. வட்டி 9.5 ஆனால் 30 லட்சத்துக்கு ஒரு மாத வட்டி மட்டுமே 23,750. தவணை கட்டக் கட்டக் கடன் வளரும். இந்த மாதிரிக் கூத்துகளுக்குப் பிறகுதான் 2023 ஆகஸ்டில், வட்டி மாறும்போது தவணையைக் கூட்டுவதா காலத்தை நீட்டுவதா என்று கடன் வாங்கியவரைக் கேட்க வேண்டும் என ரிசர்வ் வங்கி சொன்னது. கடிதம் வந்தால் பதில் எழுதுங்கள்.

கடைசிக் கட்டத்துக்கு வருகிறேன். முடிக்கும் தொகைக் கடிதத்தில் ஒரு தேதியும், அதைத் தாண்டினால் நாளுக்கு இவ்வளவு என்ற வட்டியும் இருக்கும். நாங்கள் கட்டிய பணம் வெள்ளி மாலையில் போய், திங்கட்கிழமைதான் வரவானது. பாக்கி சில நூறு ரூபாய். யாரும் சொல்லவில்லை, இரண்டு வாரம் கழித்து ‘நோ டியூ’ (பாக்கி இல்லை என்ற சான்று) கேட்டபோதுதான் கணக்கு இன்னும் உயிரோடு இருப்பது தெரிந்தது. காலையிலேயே, வாரத்தின் நடுவில் கட்டுங்கள். கணக்கு மூடிய கடிதம் கைக்கு வந்த பிறகே தானியங்கித் தவணை அனுமதியை ரத்து செய்யுங்கள்.

பத்திரம் வேறு ஊர்க் காப்பகத்தில் இருக்கிறது, இரண்டு மாதம் ஆகும் என்றார்கள். இங்கேதான் ரிசர்வ் வங்கியின் 2023 செப்டம்பர் 13 சுற்றறிக்கை கைகொடுத்தது: முழுக் கடனும் அடைந்த 30 நாளுக்குள் அசல் ஆவணங்களைத் தந்து, சொத்தின் மேல் பதிவான கடன் பொறுப்பையும் நீக்க வேண்டும், வங்கியின் தாமதத்துக்கு நாளொன்றுக்கு 5,000 ரூபாய் இழப்பீடு. 2023 டிசம்பர் 1 முதல் அமலில் இருக்கிறது. இதைக் குறிப்பிட்டு மின்னஞ்சல் போட்டதும், இரண்டு மாதம் என்றது 18 நாளாகச் சுருங்கியது. அசையாவிட்டால், வங்கிக்குப் புகார் கொடுத்து 30 நாள் கழித்து ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம், கட்டணம் இல்லை.

வாங்கும்போது, கடன் எடுத்த அன்று தந்த ஆவணப் பட்டியலை வைத்துப் பக்கம் பக்கமாகச் சரிபாருங்கள். தாய்ப் பத்திரத்தின் கடைசி இரண்டு தாள் எங்கள் பத்திரக் கட்டுக்குள் இல்லை. அங்கேயே உட்கார்ந்து தேடவைத்ததில் வேறொருவர் உறையிலிருந்து வந்தது. கூட்டுக் கடன்தாரர் இருந்தால் இருவரும் போக வேண்டும். உத்தரவாதத்துக்குக் கொடுத்த காசோலைகளையும் கேளுங்கள்.

பத்திரம் கைக்கு வந்ததும் வேலை முடிந்தது என்று பெரும்பாலோர் நினைத்துவிடுகிறார்கள். தமிழ்நாட்டில் எம்.ஓ.டி. (பத்திரத்தை அடமானமாக ஒப்படைத்ததற்கான ஆவணம்) பதிவு செய்திருந்தால், கடன் அடைந்தது என்ற ரசீது ஆவணத்தை வங்கி எழுதி, சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிய வேண்டும். இல்லாவிட்டால் வில்லங்கச் சான்றில் கடன் அப்படியே நிற்கும். வீட்டை விற்கப் போகும் அன்றுதான் தெரியும். எங்கள் முதல் டோக்கன் நாளில், வந்த அதிகாரியிடம் அங்கீகாரக் கடிதம் இல்லை. இரண்டாம் நாள் ரசீதில் எம்.ஓ.டி.யின் ஆவண எண் சரி, வருடம் தவறு. திருப்பிவிட்டார்கள். டோக்கன் போடுவதற்கு முன்பே ரசீது வரைவை வாங்கி, ஆவண எண், வருடம், சர்வே எண் மூன்றையும் பழைய எம்.ஓ.டி.யோடு ஒப்பிட்டிருந்தால் அந்த நடை மிச்சம். மூன்றாம் முறை இருபது நிமிடத்தில் முடிந்தது.

ஒரு வாரம் கழித்துப் பதிவுத் துறை இணையதளத்தில் வில்லங்கம் போட்டுப் பார்த்தோம். எம்.ஓ.டி. பதிவு அழியவில்லை, அது அழியாது. அதற்குக் கீழே ரசீது என்று புது வரி வந்திருந்தது. அந்த வரிதான் வேண்டும். சிபில் கடன் பதிவில் ‘மூடப்பட்டது’ என்று மாற இன்னும் சில வாரம் பிடித்தது. ரசீது ஆவணத்தை மற்ற பத்திரங்களோடு ஒரே உறையில் வைத்திருக்கிறோம், தவணை மாற்றச் சொல்லி எழுதிய அந்தச் சீல் போட்ட நகலோடு.