கத்திரி வெயிலில் கோழியும் தக்காளியும்

கோழிக்கு வியர்வைச் சுரப்பி கிடையாது. வாயைத் திறந்து இரைத்துத்தான் சூட்டைத் தணிக்கும். அப்படி இரைக்க இரைக்க ரத்தத்தில் கரியமில வாயு குறைந்து, முட்டை ஓடு மெலிந்துவிடும். கிளிஞ்சல் தூள் போட்டும் ஓடு தேறவில்லையா? காரணம் பெரும்பாலும் இதுதான்.

தீனி காலை 7 மணிக்குள், பிறகு மாலை 5-க்கு மேல். செரிக்கும்போது உடம்பில் சூடு ஏறும். உச்சிவெயிலில் வயிறு நிறையத் தின்ற கோழிதான் முதலில் சாயும். தண்ணீர் மண்சட்டியில், நிழலில் இருக்கட்டும். கூரைமேல் தென்னங்கீற்று பரப்பி நனைக்கலாம். காற்றோட்டமில்லாத கொட்டகைக்குள் மட்டும் தெளிக்காதீர்கள். புழுக்கம் கூடினால் எவ்வளவு இரைத்தாலும் சூடு இறங்காது.

தக்காளியில் பூ கொட்டுகிறதென்று உரத்தை அள்ளிப் போடுவது வீண் செலவு. பகல் சூடு 35 டிகிரியைத் தாண்டினால் மகரந்தம் கெட்டு, பூ காம்போடு உதிரும். மேற்குப் பக்கம் நிழல்வலையோ பழைய வேட்டியோ கட்டுங்கள். தூரைச் சுற்றி நான்கு விரல் உயரத்துக்குச் சருகு மூடாக்கு, தண்டில் ஒட்டாமல். மதியம் வாடிய இலை சாயங்காலம் தானே நிமிர்ந்தால் பயமில்லை. காலையிலும் தொங்கினால்தான் தண்ணீர் போதவில்லை.

பச்சைக் கோழி எருவைத் தூரில் கொட்டினால் வேர் வெந்துவிடும். சருகோடு கலந்து மூன்று மாதமாவது மக்கட்டும்.