சந்நிதியான் வாசலில் ஒரு கார்த்திகை வெள்ளி

நாலு நாளாக மழை விடவேயில்லை. அம்மம்மாவுக்குத் தொண்டைமானாற்றுச் செல்வச்சந்நிதி முருகன் கோவிலில் ஒரு நேர்த்தி பாக்கி கிடந்தது. "மழை விடட்டும், போவம்" என்றேன். "இது தை பிறந்துதான் விடும். அதுமட்டும் முருகனைப் பொறுத்துக்கொள்ளச் சொல்லட்டோ?" என்று கேட்டபடி குடையை எடுத்துவிட்டா.

கோப்பாய் தாண்டி நீர்வேலி வாழைத்தோட்டங்களில் வெள்ளம் நின்றது. செம்மண்ணுக்குக் கீழே சுண்ணாம்புக்கல். மழை விட்டால் வெள்ளம் மெல்ல மெல்ல உள்ளே இறங்கும். ஊர்க் கிணறுகளுக்கு அதுதான் சேமிப்பு. அச்சுவேலியில் திரும்பினோம், கொஞ்ச நேரத்தில் உப்புக்காற்று முகத்தில் அடித்தது.

தொண்டைமானாற்றை ஆறு என்பது எங்கள் ஆசைக்குச் சொல்வது. அது மலையில் பிறக்கவில்லை. யாழ்ப்பாணக் குடாநாட்டுக்குள் நீண்டு கிடக்கும் வடமராட்சிக் கடல்நீரேரி வடகடலைத் தொடும் வாய் அது. கருணாகரத் தொண்டைமான் என்ற சோழத் தளபதி உப்பு ஏற்றிப் போக வெட்டுவித்த வாய்க்கால் என்று பெயருக்குக் கதை சொல்வார்கள். குடாநாட்டில் ஆறே இல்லையோ, எங்கள் பக்கம் வழுக்கையாறு ஒன்று இருக்கிறதே என்று வலிகாமத்தார் சண்டைக்கு வரலாம். அதுவும் மாரியில் மட்டும் ஓடுகிறதுதான்.

பாலத்தடியில் தடுப்பணைக் கதவுகளைத் திறந்திருந்தார்கள். கலங்கல் நீர் கடலை நோக்கி இரைந்து ஓடியது. கோடையில் கடல் உள்ளே ஏறாமல் மறிக்க வேண்டும், மாரியில் வெள்ளத்தை வெளியே விட வேண்டும். இரண்டு வேலையும் இந்தக் கதவுகளுக்குத்தான். பிந்தித் திறந்தால் தாழ்ந்த வயலெல்லாம் மூழ்கும். நேரத்தோடு திறந்தால் ஏரியை நன்னீராக்க வேண்டிய மழைநீர் கடலுக்குப் போகும். எந்த நாள், எவ்வளவு என்று முடிவெடுக்கிறவருடைய நித்திரையை நினைத்துப் பார்த்தேன்.

2008 கார்த்திகையில் நிஷா புயல் கொட்டிய மழையில் எங்கள் முற்றமும் கிணறும் ஒரே மட்டமாயின. குசினிக்குள் முழங்கால் தண்ணீர். அடுத்த வருஷம் ஆவணியில் அதே கிணற்றில் வாளி அடியில் முட்டியது. அம்மம்மா இரண்டையும் ஒரே மூச்சில்தான் சொல்லுவா.

கோவிலடி ஆற்றுப் படியில் கால் நனைத்தோம். ஆவணித் திருவிழாவில் தீர்த்தமாடும் இடம் இது. அப்போது அமைதியாகக் கிடக்கும் தண்ணீர் இன்று கால்களை இழுத்தது. "பிடிச்சுக்கொள்ளுங்கோ அம்மம்மா" என்றேன். "நீ என்னைப் பிடி, நான் அவனைப் பிடிக்கிறன்" என்று பதில் வந்தது.

சந்நிதியில் மந்திரம் இல்லை. வாயைத் துணியால் கட்டிய பூசகர் மௌனமாகவே பூசை செய்வார். மருதர் கதிர்காமர் என்ற மீனவ அடியார் தொடக்கிய வழிபாடு என்பார்கள். அதனால்தானோ என்னவோ, இங்கே நிற்கும்போது சமஸ்கிருதம் தெரியாத குறை எனக்கு உறைப்பதில்லை. தெற்கே கதிர்காம முருகனிடம் போகும் பாதயாத்திரையும் இந்த வாசலிலிருந்துதான் புறப்படும். 65 ஆலிலைகளில் அமுது படைக்கும் வழக்கத்தை அம்மம்மா ஒவ்வொரு முறையும் எனக்குப் புதிதாகச் சொல்லுவா. நானும் புதிதாகக் கேட்பேன். அன்று மணியோசைக்கு நடுவே கூரையில் மழை விழும் சத்தமும் சேர்ந்துகொண்டது.

அம்மம்மா உரத்துத்தான் கும்பிடுவா, பக்கத்தில் நிற்பவருக்கும் கேட்கும். "அப்பனே, வெள்ளம் வடியட்டும். ஆனா எல்லாத்தையும் விட்டிடாதை."

மடத்தில் சோறும் பருப்பும் பூசணிக்காய்க் கறியும் கிடைத்தது. அன்னதானக் கந்தன் என்ற பெயர் சும்மா வரவில்லை. நனைந்த உடுப்போடு அந்தச் சூட்டில் சாப்பிட்ட ருசியை வீட்டில் எத்தனை முறை சமைத்தும் பிடிக்க முடியவில்லை.

திரும்பும்போது பாலத்தருகே இரண்டு பேர் வீச்சுவலை எறிந்துகொண்டு நின்றார்கள். வாளியில் இறால் துள்ளியது. நெற்றித் திருநீறு காயாத அம்மம்மா ஓட்டோவை நிறுத்தச் சொல்லி எட்டிப் பார்த்தா.

"இண்டைக்கு வெள்ளிக்கிழமை அம்மம்மா."

"எனக்குத் தெரியாதே?" என்று என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு வலைக்காரரிடம் கேட்டா: "தம்பி, ஞாயிற்றுக்கிழமையும் கதவு திறந்திருக்குமோ?"